ஏறாத கஞ்சாவும் நிற்காத இருமலும்

போதை மீட்பு சிகிச்சைக்கு வரும் பையன்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லும் வசனம் ஒன்று உண்டு. “முன்னெல்லாம் ஒண்ணு அடிச்சாலே ஏறும் சார். இப்ப அஞ்சு அடிச்சாலும் ஸ்டெடியா இருக்கேன். பாடி செட் ஆயிடுச்சு.” அதோடு விடமாட்டார்கள். “மூலிகைதானே சார், இம்யூனிட்டிக்கு நல்லது” என்றும் சேர்த்துக்கொள்வார்கள். செட் ஆனது மூளை மட்டும்தான். நுரையீரலைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யை இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் 1964-ல் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது போய் ஒட்டும் இடத்துக்கு சி.பி.1 ஏற்பி என்று பெயர். தினமும் டி.எச்.சி. வந்து குவிந்தால், மூளை தன் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பவையும் மந்தமாகிவிடும். தினசரி புகைப்பவர்களின் மூளையை பெட் ஸ்கேன் எடுத்த ஓர் அமெரிக்க ஆய்வு 2012-ல் வெளியானது. பெருமூளைப் புறணியில் இந்த ஏற்பிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. நான்கு வாரம் நிறுத்திய பிறகு பெரும்பாலான இடங்களில் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தன. ஆக, ‘ஏறலை’ என்பது உடம்பு பலமாகிவிட்டதற்கு அடையாளமல்ல.

எதிர்ப்பு சக்தி விஷயத்துக்கு வருவோம். சி.பி.2 என்று இன்னொரு ஏற்பி 1993-ல் கண்டறியப்பட்டது. மண்ணீரல், டான்சில், வெள்ளணுக்கள் என்று நோய் எதிர்ப்பு வேலை நடக்கும் இடங்களில்தான் அது அதிகம். டி.எச்.சி. அங்கே என்ன செய்கிறது? ஆய்வகத்திலும் விலங்குகளிலும் பார்த்தவரை, கிருமிகளோடு போரிடும் வெள்ளணுக்களான டி செல்களின் வேகத்தைக் குறைக்கிறது, அழற்சியை (உடம்பு கிருமியோடு போராடும்போது வரும் வீக்கம், சூடு) அடக்குகிறது. அழற்சி அடங்குவதை ‘இம்யூனிட்டி கூடுது’ என்று யூடியூபில் விற்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. அதே சமயம், கஞ்சா புகைக்கும் ஆரோக்கியமான இளைஞன் எல்லோருக்கும் எதிர்ப்பு சக்தி சரிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் அப்படி ஒரே குரலில் பேசவில்லை. மிகைப்படுத்திப் பயமுறுத்தினால் பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு உண்மையைச் சொன்னாலும் காதில் ஏறாது.

நுரையீரலைப் பற்றித் தயங்காமல் பேசலாம். காற்றறைகளுக்குள் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் துப்புரவுப் பணியாளர்களைப் போல உள்ளே வரும் கிருமிகளை விழுங்கிக் கொல்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் கஞ்சா புகைப்பவர்களின் நுரையீரலிலிருந்து இந்தச் செல்களை எடுத்துச் சோதித்தபோது, பாக்டீரியாவைக் கொல்லும் திறன் குறைந்திருந்தது. 1997-ல் வந்த ஆய்வு அது. இப்போது அந்த அஞ்சு கணக்கைப் போட்டுப் பாருங்கள். போதை பழைய அளவுதான். புகை ஐந்து மடங்கு. அந்தப் புகை நுரையீரலுக்குப் பழகிப்போவதில்லை.

நம் ஊரில் அது வெறும் கஞ்சாவும் அல்ல. சிகரெட்டைத் தட்டிப் புகையிலையை உதிர்த்து, உள்ளங்கையில் கஞ்சாவோடு கசக்கி, விதையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி அடைக்கிறார்கள். இழுத்த புகையை நெஞ்சில் நிறுத்தி வைக்கிறார்கள். பூட்டிய அறையில் ஒன்றையே நாலு பேர் கைமாற்றுகிறார்கள். புகையிலை காசநோய் வாய்ப்பைக் கூட்டும். காசநோய் பரவுவது காற்று வழியாக. உலகக் காசநோயில் சுமார் கால் பங்கு இந்தியாவில். மூன்றும் அந்த அறையில் ஒன்றுசேர்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2004-ல் ஒரு நண்பர் கூட்டத்தில் காசநோய் பரவியது. காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே சேர்ந்து கஞ்சா புகைக்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது.

‘கஞ்சா இருமல்தான்’ என்று தள்ளிப்போடுவதுதான் எனக்கு எரிச்சல் தருவது. இரண்டு வாரம் இருமினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கினால், கஞ்சா பழக்கத்தையும் அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரைகளில் ஒன்றான, சிறுநீரைச் சிவப்பாக்கும் ரிஃபாம்பிசின், டி.எச்.சி.யைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால் ரத்தத்தில் அதன் அளவு குறையும். ‘இன்னும் செட் ஆயிடுச்சு’ என்று நினைத்து அளவைக் கூட்ட இது போதும்.

கீமோதெரபி எடுப்பவர்களும் உறுப்பு மாற்று செய்தவர்களும் கஞ்சாப் புகை பக்கமே போகக் கூடாது. காய்ந்த இலையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அவர்கள் நுரையீரலைத் தாக்கி உயிரையே பறிக்கலாம். கஞ்சாவிலிருந்து எடுக்கும், போதை தராத சி.பி.டி. எண்ணெய் என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும். முதல் வாரம்தான் கடுமை. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கலாம். “முன்னைவிட மோசமா கத்துறான் டாக்டர்” என்று அம்மாக்கள் பயப்படுவது இந்த நாட்களில்தான். இன்னொரு ஆபத்து, ஒரு மாதம் கழித்து நண்பன் கூப்பிட்டான் என்று பழைய அளவையே இழுப்பது. ஏற்பிகள் திரும்பியிருக்கும், அந்த அளவைத் தாங்காது. படபடப்பு, மரண பயம், சிலருக்குக் காதில் குரல்கள் என்று அவசரப் பிரிவுக்கு வருவார்கள்.

சிகிச்சைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயம் வேண்டாம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, உபயோகித்ததாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெறுபவருக்கு விலக்கு தருகிறது. ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் வாங்கி வைத்திருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. டி.எச்.சி. கொழுப்பில் தங்கும். தினமும் புகைத்தவர் நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். அந்த முடிவைப் பார்த்துவிட்டுப் பையனை அடித்து இழுத்துக்கொண்டு வராதீர்கள்.