பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவாரா?

1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பெயரையும் முகவரியையும் நீக்கித்தான். யாருடைய அந்தரங்கமும் வெளியே போகாது என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதியும் சொன்னார்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லதான்யா ஸ்வீனி அதை நம்பவில்லை. ஆளுநர் அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் குடியிருப்பது ஊரறிந்த விஷயம். அந்த நகரத்து வாக்காளர் பட்டியலை ஸ்வீனி 20 டாலர் கொடுத்து வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதி 6 பேருக்கு இருந்தது. அதில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒரே ஒருவர். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் மருத்துவப் பதிவில் அப்படியே விடப்பட்டிருந்தன. அப்புறம் என்ன, பொருத்திப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஆளுநரின் சிகிச்சை விவரம் கைக்கு வந்துவிட்டது.

இதில் மாயம் எதுவுமில்லை, வெறும் பெருக்கல் கணக்கு. 80 வருடங்களில் சுமார் 29,000 பிறந்த தேதிகள். ஆண், பெண் என்று பிரித்தால் 58,000 சேர்க்கைகள். ஓர் அமெரிக்க அஞ்சல் குறியீட்டில் அத்தனை பேர் இருப்பது அபூர்வம். ஆகவே ஒரு சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஓர் ஆள்தான் தேறுவார். இந்த மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை அடையாளம் காணலாம் என்றார் ஸ்வீனி. 2006இல் வந்த மறுகணக்கு 63 சதவீதம் என்றது. அதுவே அதிகம்தான்.

நம்மூர் பெரியவர்கள் பலர் இதில் கொஞ்சம் தப்பிக்கலாம். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிதானே அவர்களுடைய பிறந்த நாள்! ஆனால் துணிக்கடை பில்லுக்குக்கூட போன் நம்பரைச் சொல்கிறோமே, அங்கே எந்த வாத்தியாரும் காப்பாற்ற மாட்டார்.

செல்போன் விஷயம் இன்னும் மோசம். 15 லட்சம் பேரின் 15 மாதத் தடங்களை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. எந்த டவர் அருகே, எந்த மணி நேரத்தில் என்ற விவரம் நான்கு இருந்தால் போதும், 95 சதவீதம் பேர் தனித்துத் தெரிந்தார்கள். காலையில் ஒரு டவர், மதியம் இன்னொன்று, சனிக்கிழமை மாலை அம்மா வீட்டுப் பக்கம் ஒன்று. இதே வரிசை இன்னொருவருக்கு எங்கே அமையப்போகிறது?

நம்மை வேவு பார்க்க ஆள் வைக்க வேண்டியதில்லை. தனித்தனியே பார்த்தால் சாதுவான இரண்டு பட்டியல்கள் போதும்.

மாற்று வழி உண்டு: வேண்டுமென்றே பிழை சேர்ப்பது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்கா மாநில மொத்தங்களை விட்டுவிட்டு, சிறு பகுதிகளின் எண்களை லேசாகக் கலைத்தது. கலைத்த எண்ணை வைத்துத் தொகுதி எப்படிப் பிரிப்பது என்று அலபாமா மாநிலம் 2021இல் வழக்கே போட்டது.