ஒரே பாட்டு, இரண்டு மூளை

இரவு 11 மணி இருக்கும். கல்லூரி நண்பன் ஒருவன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாட்டின் இணைப்பைப் போட்டு, கீழே "இது ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் எழுதியிருந்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அழுத்தினேன். குரல் இன்னும் வரவில்லை. முன்னிசையில் கிடார் இரண்டு முறை மீட்டப்பட்டதோடு சரி, அதற்குள் நான் கல்லூரிப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஜன்னல் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை ஒரு ஓரத்தில் பிய்ந்து தொங்கும். மழை பெய்தால் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக முழங்கையில் விழும். 20 வருடமாக அந்த ரப்பர் பட்டையை நான் ஒரு முறைகூட நினைத்ததில்லை.

அதே குழுவில் வேறு கல்லூரியில் படித்து, வேலைக்கு வந்த பிறகு எங்களோடு பழக்கமான இன்னொரு நண்பனும் இருக்கிறான். அவனும் பாட்டைக் கேட்டான். "நல்லா இருக்குடா" என்று போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

என் காதுக்கு வந்த அதே ஒலிதான் அவன் காதுக்கும் போயிருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் முழங்கை நனைந்தது?

முதலில் அந்த வேகத்தைப் பார்ப்போம். ஒரு பாட்டை அடையாளம் காண எவ்வளவு நேரம் வேண்டும்? பல்லவியில் ஒரு வரியாவது வேண்டும் என்றுதான் தோன்றும். 1999இல் இசை உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் பிரபலமான பாட்டுகளிலிருந்து 200, 100 மில்லிநொடித் துண்டுகளை வெட்டியெடுத்துப் போட்டுக் காட்டினார்கள். 100 மில்லிநொடி என்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதில் மெட்டு என்று சொல்ல ஏதும் இருக்காது, ஒரு சொல்கூட முழுசாக இருக்காது. ஆனாலும் கொடுத்த 5 பாட்டுப் பெயர்களில் எது என்று கேட்டவர்கள் குத்துமதிப்பைவிடத் தெளிவாகவே சரியாகச் சொன்னார்கள். அதே 100 மில்லிநொடித் துண்டைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டபோது அந்தத் திறமை போய்விட்டது.

அப்படியென்றால் மூளை பிடித்துக்கொள்வது மெட்டை அல்ல, ஒலியின் நிறத்தை. ஒரே சுரத்தை வீணையும் புல்லாங்குழலும் எழுப்பினால் நம்மால் பிரித்தறிய முடிகிறது அல்லவா, அந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறேன். அந்தக் கம்பி, அந்தக் கூடத்தின் எதிரொலி, அந்தப் பதிவின் லேசான கரகரப்பு எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டுக்குக் கைரேகை மாதிரி அமைந்துவிடுகின்றன.

2019இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செய்த ஒரு சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். ஒவ்வொருவரிடமும் அவருக்கு நன்றாகப் பழகிய பாட்டைக் கேட்டு வாங்கி, அதே சாயலில் அவர் கேட்டிராத இன்னொரு பாட்டோடு கலந்து, ஒரு நொடிக்கும் குறைவான துண்டுகளாகப் போட்டார்கள். கண்ணின் பாப்பாவை, அதாவது கருவிழியின் நடுவில் ஒளி புகும் துளையை, கருவியால் அளந்துகொண்டே இருந்தார்கள். பழகிய பாட்டின் துண்டு வந்தால், 100 முதல் 300 மில்லிநொடிக்குள் பாப்பா விரியத் தொடங்கியது. "அட, இந்தப் பாட்டு!" என்று வாய் திறப்பதற்கு வெகு முன்னாலேயே கண் அதைச் சொல்லிவிடுகிறது.

சரி, பாட்டு அடையாளம் தெரிந்துவிட்டது. அங்கிருந்து பேருந்துக்கு எப்படிப் போனேன்?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் ஜனாட்டா 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத்தான் விடை தேடியது. 13 மாணவர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் 8 வயது முதல் 18 வயது வரை இருந்த காலத்தில் பிரபலமாக இருந்த பாட்டுகளிலிருந்து 30 துண்டுகளைக் கேட்கவைத்தார். சராசரியாக ஒருவர் 17 பாட்டுகளை அடையாளம் கண்டார். அவற்றில் 13 பாட்டுகள் ஏதோ ஒரு சொந்த நினைவோடு ஓரளவோ அழுத்தமாகவோ பிணைந்திருந்தன. நினைவு எவ்வளவு அழுத்தமோ அவ்வளவுக்கு நெற்றிக்கு நேர் பின்னால், மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்பக்கத்தில் ஒரு பகுதி சுறுசுறுப்பாக இயங்கியது. நம்மைப் பற்றி நாமே யோசிக்கும்போது வேலை செய்கிற பகுதியும் அதுதான். பாட்டின் சுருதி நகர நகர, அதே பகுதியின் இயக்கமும் கூடவே நகர்ந்ததை ஜனாட்டா கண்டார். இசையும் நினைவும் "நான்" என்ற உணர்வும் அங்கே ஒன்றுகூடுகின்றன. அல்சைமர் நோயில் மற்ற பகுதிகளைவிடத் தாமதமாகத் தேயும் பகுதிகளில் இதுவும் ஒன்று. பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர் பழைய பாட்டுக்குத் தலையாட்டி அடுத்த வரியைப் பாடிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ரப்பர் பட்டை போன்ற அற்பமான விவரங்கள் வருவதும் தற்செயல் அல்ல. 2016இல் ஏமி பெல்ஃபி குழுவினர் பிரபலமானவர்களின் முகங்களைக் காட்டியும் பிரபலமான பாட்டுகளைப் போட்டும் நினைவுகளை எழுப்பிப் பார்த்தார்கள். பாட்டு எழுப்பிய நினைவுகளில் பார்த்தது, கேட்டது, உடம்பில் பட்டது என்று நுணுக்கங்கள் கூடுதலாக இருந்தன. என்ன நடந்தது என்ற தகவலை மட்டும் தராமல், அங்கே இருந்த உணர்வையே பாட்டு கொண்டுவருகிறது.

ஒரு துணுக்கும் சொல்லிவிடுகிறேன். பெயர் தெரியாத பாட்டை "தா...ன தன்னா, தா...ன தன்னா, இது என்ன பாட்டுடா?" என்று வாய்ஸ் மெசேஜில் முணுமுணுத்து அனுப்புகிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. நம்மில் பலர் அதைக் கேட்டுச் சிரிப்போம். உளவியலாளர் டேனியல் லெவிட்டின் 1994இல் 46 பேரை அவர்களுக்குப் பிடித்த பாட்டுகளை நினைவிலிருந்து பாடச் சொன்னார். இரண்டு முறை பாடியதில் ஒரு முறையாவது மூலப் பதிவின் சுருதியையே சரியாகப் பிடித்தவர்கள் 40 சதவீதம். பெரும்பாலும் சங்கீதத்தைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண மாணவர்கள். ஆகவே அந்த முணுமுணுப்பை அடுத்த தடவை கொஞ்சம் மரியாதையோடு கேளுங்கள்.

ஏன் கல்லூரிக் காலத்துப் பாட்டு? நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட வருடங்கள் மேடு தட்டி நிற்கும். உளவியலில் இதை நினைவு மேடு என்று சொல்லலாம். இசைக்கு அந்த மேட்டின் உச்சி பதின்வயதின் பக்கம் இருக்கிறது. முதன்முறையாகச் செய்யும் காரியங்கள் குவிகிற வயது, "நான் யார்" என்று முடிவாகிற வயது, உணர்ச்சிகள் பொங்குகிற வயது. எல்லாம் சேர்ந்து அந்த வருடங்களை ஆழமாகப் பதிக்கின்றன.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்ஸல் 2013இல் இதில் ஓர் அழகான திருப்பத்தைக் கண்டுபிடித்தார். கல்லூரி மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான பாட்டுகளைப் போட்டபோது, அவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த 1980களின் தொடக்கத்திலும் ஒரு சின்ன மேடு தெரிந்தது. அது அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம். 1960களிலும் ஒன்று. வீட்டில் பெரியவர்கள் திரும்பத் திரும்பப் போட்ட பாட்டுகள் பிள்ளைகளின் நினைவிலும் ஏறிவிட்டிருக்கின்றன. பகிர்ந்த பாட்டு தலைமுறை தாண்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இனி "நல்லா இருக்குடா" நண்பனிடம் வருவோம். அவன்மேல் அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு 2001இல் மாண்ட்ரியலில் ஆன் பிளட், ராபர்ட் ஸட்டோரே இருவரும் செய்த சோதனையைப் படித்தபோது அந்த வருத்தம் போய்விட்டது. கேட்டால் உடம்பு புல்லரிக்கும் பாட்டு எது என்று 10 பேரிடம் கேட்டு, அவரவர் இசையையே கொண்டுவரச் சொன்னார்கள். அதைக் கேட்கும்போது மூளையில் ரத்த ஓட்டம் எங்கே கூடுகிறது என்று பி.இ.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். சோதனை என்றால் ஒப்பிட ஒரு "சும்மா" இசையும் வேண்டும். ஒருவரைப் புல்லரிக்க வைக்கும், ஆனால் இன்னொருவரிடம் எந்தச் சலனமும் உண்டாக்காத இசையை எங்கே தேடுவது? அவர்கள் எங்கும் போகவில்லை. ஒருவர் உயிராய்க் கொண்டுவந்த இசையை இன்னொருவருக்குப் போட்டார்கள். அவருக்கு அது வெறும் இசை!

ஆக, நெருங்கிய நண்பனுக்கே நம் பாட்டு வெறும் இசையாக இருப்பதுதான் இயல்பு. பாட்டு என்பது நினைவு அல்ல, நினைவைத் தட்டி எழுப்பும் குறிப்பு மட்டுமே. எழுப்பப்பட வேண்டிய பேருந்தும் மழையும் என் தலைக்குள் இருக்கின்றன, இணைப்பில் இல்லை. அந்தப் பாட்டைப் போட்ட நண்பன் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்து வந்தவன். அதனால்தான் "இது ஞாபகம் இருக்கா?" என்ற மூன்று சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்பத்தின் கணக்கும் இதே மாதிரிதான். 2011இல் வலோரி சலிம்பூரும் ஸட்டோரேயும், இசை கேட்கும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை நேரடியாகக் காட்டினார்கள். அது இரண்டு கட்டமாக நடக்கிறது. புல்லரிக்கும் இடம் வரும்போது ஒரு பகுதியில் சுரக்கிறது. அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலேயே வேறொரு பகுதியில் சுரந்துவிடுகிறது. இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் முன் ஒரு கணம் மூச்சைப் பிடிக்கிறோமே, அந்தக் காத்திருப்புக்கே பரிசு உண்டு. ஆனால் காத்திருக்க வேண்டுமானால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை கேட்கிறவனுக்கு அது எங்கே தெரியும்?

அப்படியானால் பாட்டைப் பகிர்வதில் பயன் என்ன? பயன் உண்டு, பாட்டை மட்டும் அனுப்பிவிட்டு நின்றுவிடாமல் இருந்தால். முன்பின் அறிமுகம் இல்லாத மாணவர்களை இணையம் வழியாக எழுதிப் பழகச் சொல்லி 6 வாரம் கவனித்தார்கள் உளவியலாளர்களான ரென்ட்ஃப்ரோவும் காஸ்லிங்கும். அவர்கள் பேச்சில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது இசை. 2006இல் வெளியான அதே ஆய்வில், ஒருவருக்குப் பிடித்த 10 பாட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு அவர் குணத்தைச் சிலர் ஊகித்தார்கள். புதியவற்றை ஏற்கும் மனம் எவ்வளவு என்பதை நன்றாகவே கணித்தார்கள். ஆளைப் பார்க்காமல், பாட்டை மட்டும் கேட்டு!

இன்னொன்று, பழகப் பழகப் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயன்ட்ஸ் 1968லேயே காட்டினார். இசைக்கும் அது பொருந்தும், சலிப்புத் தட்டும் எல்லை வரை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரு குறிப்பு எத்தனை நினைவுகளோடு பிணைகிறதோ, அத்தனைக்கு ஒவ்வொரு நினைவையும் எழுப்பும் வலு அதற்குக் குறையும். அந்தப் பேருந்துப் பாட்டை நான் சமைக்கும்போதும் நடக்கும்போதும் தினமும் ஓடவிட்டால், சில மாதத்தில் அது பேருந்தைக் கொண்டுவராது. அதனால் அதை நான் என் தினசரிப் பட்டியலில் சேர்க்கவில்லை. எப்போதாவதுதான் கேட்கிறேன்.

மறுநாள் குழுவில் ரப்பர் பட்டையைப் பற்றி எழுதினேன். முழங்கை நனைந்ததை, டிரைவர் அந்தப் பாட்டு முடியும் வரை கடைசி நிறுத்தத்தில் வண்டியை அணைக்காமல் வைத்திருந்ததை எல்லாம் எழுதினேன். "நல்லா இருக்குடா" நண்பன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவன் ஒரு பாட்டை அனுப்பினான். அவனுடைய அக்கா திருமணமாகிப் போவதற்கு முந்தைய இரவு இருவரும் மொட்டைமாடியில் படுத்து, ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்ட பாட்டாம். இடது காது அவனுடையது. அந்தப் பக்கம் கம்பி சரியில்லை, அசைத்தால் சத்தம் போய்விடும் என்பதால் இருவரும் அசையாமல் படுத்திருந்தார்களாம்.

முதல் தடவை கேட்டபோது எனக்கு அது வெறும் இசைதான். இதுவரை ஆறு தடவை கேட்டுவிட்டேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வருகிறது. அது வருவதற்கு முன்பே இப்போது நான் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறேன்.