டேங்கில் சென்சார் வந்தால் குடிதண்ணீர் நல்லதாகிவிடுமா?

கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் உப்பு, அதனால்தான் கொள்ளிடத்து மணலில் கிணறு இறக்கி, அங்கிருந்து ஊர் ஊராகக் குழாய் இழுத்துக் கூட்டுக் குடிநீர் என்று கொண்டுவந்தார்கள். வாயில் வைத்ததுமே இது ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீர் கலந்ததா என்று சொல்லிவிடுகிற பாட்டிகள் இன்னும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். இப்போது அந்த வேலையைச் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். பார்க்கும், ஆனால் பாதி வேலைதான்.

முதலில் திட்டம். மத்திய அரசின் ஜல் ஜீவன் மிஷன் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. கிராமத்தில் வீட்டுக்கு ஒரு குழாய், தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதோடு சேர்த்து எழுதியிருக்கிற இன்னொரு வரிதான் பலர் கண்ணில் படுவதில்லை: அந்தத் தண்ணீர் ஐ.எஸ். 10500 என்கிற இந்தியத் தர அளவுக்குள் இருக்க வேண்டும், தவறாமல் வர வேண்டும். வீட்டுக்குக் குழாய் வந்ததா என்பதைக் கணக்கெடுத்துவிடலாம், தண்ணீர் தினமும் நல்லதாக வருகிறதா என்பதை எப்படிக் கணக்கெடுப்பது? அதற்காகத்தான் 2020-இல் மின்னணுத் துறையோடு சேர்ந்து, குறைந்த செலவில் கிராமத்துக்கு ஏற்ற கருவி செய்து காட்டுங்கள் என்று ஒரு போட்டி வைத்தார்கள். அடுத்த ஆண்டு சில மாநிலங்களில் கொஞ்சம் கிராமங்களில் மாட்டியும் பார்த்தார்கள். சென்சார் இல்லாத ஊர்தான் இன்னும் அதிகம்.

சரி, இந்தக் கருவி என்ன செய்கிறது? டேங்கிலோ குழாயிலோ மாட்டி, சிம் கார்டு போட்டுவிட்டால், சில நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு. உப்பு கூடினால் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதை அளந்து கணக்குப் போடுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை விடலாம் என்கிறது தர அளவு. நம் பக்கத்துக்கு மிகவும் பயன்படுவது இதுதான் என்பேன். கொள்ளிடத் தண்ணீர் போதாத நாளில் உள்ளூர் போரைத் திறந்து டேங்கில் கலந்துவிட்டால், எண் ஒரேயடியாக ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். கலங்கலை அளக்கிற சென்சார் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும், ஆற்றில் வெள்ளம் வந்தால் இது துள்ளும். அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்கிறதா என்று ஒன்று பார்க்கும்.

கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரினில் தண்ணீரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கிற சென்சார்தான் விலை கூடியது, பராமரிப்பும் கூடியது. ஆனால் அதைத்தான் விட்டுவிடக் கூடாது. ஏனென்றால் எந்தச் சென்சாரும் கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருந்தால், வழியில் கொஞ்சம் கிருமி சேர்ந்தாலும் அது சமாளிக்கும் என்று நம்பலாம், அவ்வளவுதான்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது நினைவிருக்கும். அதுபோன்ற சமயத்தில் கையடக்க டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் விட்டுப் பார்த்தால் அழகாக 300 காட்டும், தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நீங்களும் குடிப்பீர்கள். ஆர்.ஓ. விற்க வருகிறவர் காட்டுகிற அந்த மீட்டருக்கு உப்பு தெரியும், காலரா தெரியாது.

இன்னொன்று, சென்சார் இருப்பது டேங்கில், நீங்கள் பிடிப்பது தெருக்கோடிக் குழாயில். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் விட்டு நிறுத்துகிறார்கள். நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும், எங்காவது விரிசல் இருந்து பக்கத்தில் சாக்கடையும் ஓடினால் அது உள்ளே இறங்கிவிடும். டேங்கில் எல்லாம் பச்சையாகவே காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் மின்சாரம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டிய அந்த நாட்களில்தான் இந்தக் கருவி வாயை மூடிக்கொள்ளும். பாசி படிந்தாலும் தப்பாகக் காட்டும், அவ்வப்போது சுத்தம் செய்து சரிபார்க்க ஆள் வேண்டும். மாட்டுகிற அன்று போட்டோ எடுத்தவர் ஆறு மாதம் கழித்தும் வருவாரா என்பதுதான் கேள்வி.

அதனால் சென்சார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு உரிய சோதனை அப்படியே இருக்கிறது. ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டி தந்திருக்க வேண்டும். அதில் குளோரின், புளோரைடு, நைட்ரேட், இரும்பு எல்லாம் நிறம் மாறுவதை வைத்துப் பார்க்கலாம். கிருமிக்கு ஒரு சின்னக் குப்பி உண்டு, தண்ணீரை ஊற்றி வைத்து ஓரிரு நாளில் கறுத்துப்போனால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் தொடாதீர்கள். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எந்த அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்று ஊராட்சி செயலரிடம் கேளுங்கள். இது போக, குடிநீர் ஆதாரங்களை ஆண்டுக்கு ஒரு முறை ரசாயனச் சோதனையும், இரண்டு முறை கிருமிச் சோதனையும் செய்ய வேண்டும். மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

முடிவை எங்கே பார்ப்பது? ஜல் ஜீவன் மிஷன் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடும். அன்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருந்தாலும் அவரிடம் கேட்கலாம். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. மனுவில் “தண்ணீர் நல்லதா” என்று கேட்காதீர்கள். எந்தத் தேதியில், எந்தக் குழாயில் எடுத்தது, குளோரின் எவ்வளவு என்று கேளுங்கள், சென்சார் இருந்தால் கடைசியாக எப்போது சரிபார்த்தது என்பதையும் சேர்த்து.

நீங்களே சோதிக்க விரும்பினால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான கேனை அதே தண்ணீரில் அலசிப் பிடித்தால் போதும். கிருமிச் சோதனைக்குப் பழைய வாட்டர் பாட்டில் ஆகாது, ஆய்வகமே தருகிற கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கிவந்து, அலசாமல், தெருவின் கடைசிக் குழாயில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை பிடித்து ஞாயிறு முழுக்க வீட்டில் வைத்திருந்தால் அந்த முடிவை நம்ப முடியாது.