வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

மறுபடியும் ஒரு செம்பனைக் குலை லாரி. டீசல் அதிகம் இழுக்கிறது, காலையில் வெள்ளைப் புகை தள்ளுகிறது, சூடு காட்டும் முள் அடியை விட்டு எழுவதே இல்லை. முள் எழாததை ஓட்டுநர் அண்ணன் ஒரு பெருமையாகவே சொன்னார்: "நம் எஞ்சின் சூடாவதே இல்லை, தம்பி." எஞ்சினில் தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் அந்தச் சிறு வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. முன்பு பார்த்த பட்டறையில் கழற்றி எறிந்துவிட்டார்களாம். வெயில் ஊரில் அது எதற்கு என்றார்களாம்.

பேராக் மாநிலத்தின் தாப்பா, பீடோர் வட்டாரத்தில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நம் ஊர் வெயில் என்ன, 33 டிகிரி இருக்குமா? டீசல் எஞ்சின் ஒழுங்காக எரிய வேண்டுமானால் அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நடுவே 50 டிகிரிப் பள்ளம். அதை வெயில் நிரப்பாது. அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் உங்கள் ரேடியேட்டர், முழுப் பாரத்தோடு மேடு ஏறும்போது எழும் சூட்டைக் கணக்கிட்டுச் செய்தது. காலி லாரி சமதரையில் ஓடும்போது அது மிகப் பெரிது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் தண்ணீர் ஓயாமல் அதற்குள் போய்க் குளிர்ந்து வந்துகொண்டே இருக்கும். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் இறங்கும் லாரிகளைக் கேளுங்கள். தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் இறக்கம். ஆக்சிலரேட்டர் மிதிக்கு வேலையே இல்லை. கீழே வந்து சேரும்போது எஞ்சின் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

"கழற்றிவிட்டால் கொதிக்காது அல்லவா?" என்பது அடுத்த கேள்வி. இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவழைக்கிறது. பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள். மேல்தட்டு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் அதே நேரத்தில் கீழ்த்தட்டு இறங்கி, தண்ணீர் சுற்றிக்கொண்டு எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை அடைக்கும். முழுதாகக் கழற்றினால் அந்தக் குறுக்குவழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி ஓடும். அதே மலைப்பாதையில் ரிங்லெட் மேட்டில் பாரத்தோடு ஏறும்போது கொதிப்பது அதனால்தான். தரையில் குளிர்ச்சி, மேட்டில் கொதிப்பு, இரண்டையும் ஒரே வேலையில் சம்பாதித்துக் கொள்கிறீர்கள்.

குளிர்ந்து ஓடினால் என்ன கெட்டுவிடும் என்பவர்கள் எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பாலாடை போல வெளிறிய கசடு ஒட்டியிருக்கும். நீராவி வெளியேற வழியில்லாமல் எண்ணெயோடு குழைந்தது அது. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினால் எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நிற்கும், முகர்ந்தால் டீசல் வாடை. எண்ணெய் குறையவில்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. 2019 முதல் நம் டீசலில் பத்துச் சதவீதம் செம்பனை பயோடீசல். அது எண்ணெயில் இறங்கிவிட்டால் சாதாரண டீசலைப் போல எளிதில் ஆவியாகிப் போகாது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியபோது என் பட்டறை வாசலில் நின்று புலம்பிய முதலாளிகளில் சிலர், ஒரு தொட்டி டீசலின் விலைகூட வராத தெர்மோஸ்டாட்டுக்கு இன்றும் கணக்குப் பார்க்கிறார்கள்.

இனி எதை வாங்குவது என்பது. தெர்மோஸ்டாட்டின் அடிப்பாகத்தில் அச்சடித்திருக்கும் எண், 76, 82, 88 என்று எதுவாகவும் இருக்கலாம். அது வால்வு திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறக்க அதற்கு மேல் இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி வேண்டும். "82 போட்டும் முள் ஏறவில்லை, 88 கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம் நான் விற்பதில்லை. நல்ல 82 ஒழுங்காக மூடினால் ஓட்டத்தில் எஞ்சின் 82ஐத் தொட்டே ஆக வேண்டும். தொடவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது விசிறியை வேண்டும்போது மட்டும் சுற்றவைக்கும் ஃபேன் கிளட்ச் இறுகிக்கொண்டு விசிறி ஓயாமல் சுற்றுகிறது, அல்லது முள்ளே பொய் சொல்கிறது. தண்ணீர் குறைந்து, சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீருக்கு வெளியே நின்றாலும் முள் கீழேதான் இருக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். டிகிரியைக் கூட்டினால் இவற்றில் ஒன்றும் தீராது, பாரம் ஏற்றிய லாரிக்குக் கொதிநிலை வரை இருந்த இடைவெளிதான் சுருங்கும். எஞ்சின் செய்தவன் சொன்ன டிகிரியையே போடுங்கள்.

காலையில் எஞ்சினைக் கிளப்பி ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மீது கை வையுங்கள். தண்ணீர் எஞ்சினை விட்டு வெளியேறும் வாயிலில் தெர்மோஸ்டாட் இருக்கும் எஞ்சின்களில், நல்லது என்றால் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சுடும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது மூடவில்லை. கழற்றியதையும் சோதிக்கலாம். வால்வு இடுக்கில் ஒரு தையல் நூலைக் கடிக்க வைத்து, ஒரு வெப்பமானியோடு பானைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். திறக்கத் தொடங்கும் நொடியில் நூல் வழுவி அது பானைக்குள் விழும். அப்போது வெப்பமானி காட்டுவதும் அச்சடித்த எண்ணும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும்.

கடைக்குப் போனால் லாரியின் பெயரைச் சொல்லாதீர்கள், எஞ்சினின் மாடல் எண் என்ன என்று சொல்லுங்கள். இங்கே ஓடும் பழைய லாரிகளில் பாதிக்கு மேல் பிறந்த எஞ்சினோடு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விட்டம் ஒத்தாலும் உயரம் ஒத்துப் போகாவிட்டால் கீழ்த்தட்டு குறுக்குவழியை எட்டாது. பழையது கையில் இருந்தால் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு தெர்மோஸ்டாட் உள்ள பெரிய எஞ்சின் என்றால் இரண்டையும் மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டின் ஓரத்துச் சிறு துளையில் ஆடும் ஊசி மேல்பக்கம் வர வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடுங்கள். வாய்க்கால் தண்ணீரை ஊற்றாதீர்கள், கூலண்ட் ஊற்றுங்கள்.

ஓட்டுநர் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆலை வாசலில் குலை இறக்க மணிக்கணக்கில் வரிசை நிற்கும், ஏர்கண்டிஷனுக்காக எஞ்சினை ஓட விட்டுத் தூங்குகிறீர்கள். சும்மா உறுமும் டீசல் எஞ்சின் நல்ல தெர்மோஸ்டாட் இருந்தாலும் குளிர்ந்துபோகும். தயவுசெய்து அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் மாற்றிய அன்றே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். டீசல் கலந்த எண்ணெயோடு அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாமா என்று முதலாளி கேட்டால், கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.