கியூ பர்ன்: தமிழில் எடுப்புத் தேய்வு

பழைய இசைத்தட்டு சிலவற்றில் பாட்டின் முதல் ஓரிரு நொடிகள் மட்டும் 'சர்ர்' என்று இரையும். அப்புறம் ஒலி தெளிந்துவிடும். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், சிலவற்றில் அந்த இடம் லேசாகச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். இதைத்தான் ஆங்கிலத்தில் கியூ பர்ன் என்கிறார்கள்.

'கியூ' நாடக மேடைச் சொல். நடிகர் மேடைக்கு வரவோ பேசவோ கிடைக்கும் சைகை அது. வானொலியில் அறிவிப்பாளர்கள் பாட்டின் முதல் ஒலியை ஊசியால் தேடிப் பிடித்து, தட்டைக் கொஞ்சம் பின்னுக்குச் சுழற்றி நிறுத்திக்கொள்வார்கள். தட்டு வேகம் பிடிக்கவும் பாட்டு எழவும் சரியாக இருக்கும். டிஜேக்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே தாள அடியின் மேல் பலமுறை முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். எறும்பூரக் கல்லும் தேயும். இங்கே ஊர்வது வைரமுனை, தேய்வது வினைல். பாலிஸ்டைரீனில் வார்த்த சிறு தட்டுகள் இன்னும் சீக்கிரம் தேயும். மென்மையான பூச்சில் நேரடியாகத் தடம் வெட்டிய அசிட்டேட் தட்டுகளைக் கேட்கவே வேண்டாம்.

'பர்ன்' என்றதும் 'எரிவு' என்று எழுதிவிடக் கூடாது. எதுவும் எரிவதில்லை, நடப்பது தேய்வு. 'கியூ'வைக் 'குறிப்பு' என்றால் பொத்தாம்பொதுவாக இருக்கிறது. 'தொடக்கத் தேய்வு' என்று சொல்லிப் பார்த்தேன். தேய்வு இப்போதுதான் தொடங்கியது என்ற பொருள் வந்துவிடுகிறது. நம் இசையிலேயே நல்ல சொல் உண்டு: தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம் எடுப்பு. டிஜேயின் விரல் தேடுவதும் அதையேதான். ஆகவே, எடுப்புத் தேய்வு.

தேய்வு என்று பெயர் வைத்ததும், எது தேய்க்கிறது என்று கேட்கத் தோன்றும். முதல் குற்றவாளி தேய்ந்துபோன ஊசி. அதன் முனை மழுங்கி, ஓரங்கள் உளி போலாகித் தடத்தின் சுவரைச் சீவும். தட்டை மாற்றுவதைவிட ஊசியை மாற்றுவது எவ்வளவோ மேல். முன்னும் பின்னும் ஆட்டுவதற்கு நீள்வட்ட முனையைவிட உருண்டை முனைதான் ஏற்றது. ஊசி தட்டை அழுத்தும் எடை விஷயத்தில் தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்; டிஜே ஊசிகள் பலவற்றுக்கு அது 3 கிராம் அளவில் இருக்கும். ஊசி துள்ளுகிறதே என்று அதைத் தாங்கும் தலைப்பகுதியில் நாணயத்தை ஒட்டுவது தட்டுக்குச் செய்யும் கொடுமை. எடை மிகக் குறைந்தாலும் ஊசி தடத்தில் பதியாமல் சுவரில் மோதும். தூசி, ஊசிக்கும் சுவருக்கும் நடுவே உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும் என்பதால் ஆட்டும் முன் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். எடுப்பு இருக்கும் திசையை லேபிளில் சிறு ஸ்டிக்கரால் குறித்து வைத்தால் பத்து ஆட்டம் இரண்டாகக் குறையும். டைம்கோட் தட்டு (பாட்டு இல்லாமல், கணினியில் உள்ள பாட்டை இயக்கும் சைகை மட்டும் பதிந்த தட்டு) வைத்து வாசிப்பவர்களுக்குத் தேய்வது அந்தத் தட்டு மட்டுமே. பாட்டு கணினியில் பத்திரமாக இருக்கும்.

பழைய தட்டு விற்கும்போது இப்படி எழுதலாம்: "முதல் பாட்டில் எடுப்புத் தேய்வு உண்டு, மற்றபடி சுத்தம்."