செக்கு வாங்கும் முன் கடலைக்குக் கணக்குப் போடுங்கள்

கடந்த மாதம் என் அலுவலகத்துக்கு வந்தவர், மரச்செக்கு எண்ணெய் ஆலை தொடங்கி ஐந்தே மாதமான இளைஞர். இரண்டு வாகைமரச் செக்குகள், மும்முனை மின் இணைப்பு, உணவுப் பாதுகாப்பு உரிமம், அச்சடித்த லேபிள்கள் என எல்லாவற்றையும் முறையாகச் செய்து முடித்திருந்தார். ஆனால் செக்கில் போட நிலக்கடலைப் பருப்பு மூன்று மூட்டைதான் இருந்தது. மேற்கொண்டு வாங்கக் கையில் பணமில்லை, வங்கித் தவணையோ தொடங்கிவிட்டது. தணிக்கையாளராக இந்த ஆண்டில் இதே நிலையில் நான் பார்க்கும் நான்காவது கோப்பு இது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இயந்திரம் வந்துவிட்டால் தொழில் வந்துவிட்டது என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பணம் கொடுத்தால் கோயம்புத்தூரிலிருந்து செக்கை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். தொழிலுக்குத் தேவையான வளங்களில் மிக எளிதாகக் கிடைப்பது அதுதான். அறுவடைச் சமயத்தில் பருப்பின் தரம் பார்த்து வாங்குவதும், ஈரம் போகக் காயவைத்துப் பூஞ்சை பிடிக்காமல் இருப்பு வைப்பதும், கடைகளுக்குக் கொடுத்த எண்ணெய்க்குப் பணத்தை வசூலிப்பதுமே இந்த ஆலையின் முதன்மைப் பணிகள். ஆட்டுவது இவற்றுக்கு நடுவே வருகிற ஒரு வேலை, அவ்வளவே. வந்தவரிடம், பருப்பை யார் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். அதற்கென்று ஆள் யாரும் இல்லை என்றார். பூஞ்சை பிடித்த பருப்பிலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு, சுத்திகரிக்காத எண்ணெயிலும் புண்ணாக்கிலும் போய்ச் சேரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பணத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய 2.5 கிலோ பருப்பு வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோ ஆட்டுவதாகவும், பருப்பு கிலோ 130 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், பருப்புக்கு மட்டும் தினமும் 13,000 ரூபாய் போகிறது. பருப்பு இருப்பு 15 நாள், எண்ணெய் தெளிய 4 நாள், கடைக்காரர் பணம் தர 30 நாள் என 49 நாள்களுக்கு அந்தப் பணம் திரும்பாது. ஆக 6,37,000 ரூபாய் உள்ளே சிக்கிக்கிடக்கும். புண்ணாக்கு விற்ற காசு இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும், அதுவும் மாடு வைத்திருப்பவர்களை முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தால்தான். அவர் நடைமுறைச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்தது ஒரு லட்சம். எட்டு நாளுக்குக்கூடக் காணாது.

மீதியை மானியம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதாகச் சொன்னார். அவர் கடன் வாங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், மானியத் தொகை தொழில்முனைவோரின் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழிக்கப்படும். வங்கிக்காக எழுதப்படும் திட்ட அறிக்கையில் அழகாக உட்காரும் இந்தத் தொகையைக் கொண்டு ஒரு மூட்டைக் கடலைகூட வாங்க முடியாது. அந்த அறிக்கைகளை எழுதித் தருபவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கடனுக்கான தாள். உங்கள் திட்டத்தை நீங்கள்தான் தனியாக எழுத வேண்டும்.

செக்குக்கு முன்பணம் கொடுக்கும் முன், பருப்பு வாங்குவதிலிருந்து பணம் கைக்கு வருவது வரை ஒவ்வொரு வேலையையும் வரிசையாக எழுதி, அதை யார் செய்வார், எத்தனை நாள் ஆகும், எவ்வளவு பணம் முடங்கும் என்று எதிரே குறியுங்கள். ஆள் பெயர் எழுத முடியாத வரி இருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். இயந்திரத்துக்கான டெர்ம் லோன் (தவணைக் கடன்) கேட்கும்போதே, பருப்பு வாங்குவது போன்ற அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனக் கடனையும் சேர்த்துக் கேளுங்கள். தவணை தவறிய பிறகு போனால் எந்த மேலாளரும் தரமாட்டார். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குத் தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டு நகையைத் தயவுசெய்து முதல் நாளே அடகு வைத்துவிடாதீர்கள்.

அந்த இளைஞர் இப்போது ஒரு செக்கைக் கூலிக்கு ஓட்டுகிறார். கடலையை ஊர்க்காரர்களே கொண்டுவருகிறார்கள், ஆட்டுக்கூலி அன்றன்றே கிடைக்கிறது. தவணையில் பாதி அதிலிருந்து போகிறது. மீதிக்கு இரண்டாவது செக்கை விற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.