நன்னடத்தை: பாதியில் நின்றுபோன மொழிபெயர்ப்பு

கோர்ட் வாசல் டீக்கடையில் ஓர் அம்மா என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். "நன்னடத்தை அறிக்கை கேட்டிருக்காங்களாம் சார். இதுல நன்றுன்னு போட்டிருக்கு, போதுமா?" பையனுக்கு 19 வயது. திருட்டு வழக்கு. குற்றம் நிரூபணமாகிவிட்டது, தண்டனைதான் இன்னும் சொல்லவில்லை. நீதிமன்றம் கேட்டது புரொபேஷன் அலுவலரின் அறிக்கையை: ஆளைச் சிறைக்கு அனுப்பலாமா, நிபந்தனையோடு வெளியே விட்டுப் பார்க்கலாமா என்று முடிவெடுக்க அவர் பின்னணியை விசாரித்து எழுதுவது. இவர் தேடிப்பிடித்து வந்தது தலைமையாசிரியர் கையெழுத்தை. அவரைக் குறை சொல்ல முடியாது. நன்னடத்தைச் சான்று என்றால் தமிழ்நாட்டில் அது பள்ளிக்கூடத்தில் கொடுப்பதுதானே?

சிறைக்குப் பதில் நிபந்தனையோடு வெளியே விட்டுப் பார்க்கும் இந்தப் புரொபேஷனுக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'நன்னடத்தை'. அந்தச் சொல்லோடு எனக்குள்ள சண்டை பழசு. அன்றைக்கு அது முற்றிவிட்டது.

புரொபேஷன் லத்தீன் வழி வந்த சொல். வேர் 'ப்ரொபாரே': சோதித்துப் பார்ப்பது, மெய்ப்பிப்பது. புரூஃப் என்பதும் இதன் உறவுதான். நீதிமன்றத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் வக்கீலோ நீதிபதியோ இல்லை, செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1841-ல் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ், குடித்ததற்காகப் பிடிபட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் வெளியே எடுத்தார். மூன்று வாரம் கழித்து ஆளைத் திரும்பக் கூட்டிவந்தபோது அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தார். சிறை இல்லை, பேருக்கு ஒரு சென்ட் அபராதம். அகஸ்டஸ் எல்லோருக்கும் ஜாமீன் நிற்கவில்லை. ஆளின் வயது, பழைய நடத்தை, போய்ச்சேரும் இடத்தின் சூழல் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் நின்றார். தண்டனைக்கு முன் ஆளை எடைபோடும் இன்றைய அறிக்கைக்கு விதை அந்த விசாரிப்பில் இருக்கிறது.

நம் பக்கம் 1936-லேயே மதராஸ் மாகாணம் இதற்கென்று ஒரு சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1958-ல் வந்தது. அதன் 4-ஆம் பிரிவில்தான் நம் சிக்கலின் மூலம் இருக்கிறது. அங்கே 'புரொபேஷன் ஆஃப் குட் காண்டக்ட்' என்று ஒரு தொடர். நன்றாக நடந்துகொள்கிறாரா என்று சோதித்துப் பார்க்கும் காலம் என்று பொருள். மொழிபெயர்த்தவர் 'குட் காண்டக்ட்' என்ற பாதியைப் பிடித்து நன்னடத்தை ஆக்கிவிட்டு, சோதனை என்ற மீதிப் பாதியைக் கீழே போட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். சொல்லின் உயிர் இருந்ததே அந்த மீதியில்தான். இலங்கையிலும் நன்னடத்தை உத்தியோகத்தர் என்றே வழங்குகிறது. ஆக, கடல் தாண்டியும் அதே பாதிதான்.

விளைவைப் பாருங்கள். 'நன்னடத்தை அடிப்படையில் விடுதலை' என்று செய்தி வருகிறது. இருபது வருடம் உள்ளே இருந்து, தலைவர் பிறந்தநாளை ஒட்டி முன்கூட்டி வெளியே வரும் ஆயுள் கைதிக்கும் அதே வரி. சிறைவாசலையே மிதிக்காமல், மூன்று வருடத்துக்கு மேற்படாத பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பையனுக்கும் அதே வரி. முன்னவர் நன்றாக நடந்து முடித்தவர், பின்னவர் இனிமேல்தான் நடந்து காட்ட வேண்டும். போதாக்குறைக்கு 'விடுதலை' வேறு. படிக்கிறவர் வழக்கே தள்ளுபடி என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கிறது, தண்டனைதான் தள்ளி வைக்கப்படுகிறது. நிபந்தனையை மீறினால் கூப்பிட்டு விதிப்பார்கள்.

மரண தண்டனை வழக்குகளில் குழப்பம் இன்னும் மோசம். 2022-ல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கா ஆயுளா என்று முடிவெடுக்குமுன் ஆளைப் பற்றிய விவரங்கள் முறையாகத் திரட்டப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. புரொபேஷன் அலுவலர் அறிக்கை ஒன்று, சிறையில் எப்படி நடந்துகொண்டார் என்ற அறிக்கை ஒன்று, மனநல மதிப்பீடு ஒன்று. முதல் இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே 'நன்னடத்தை அறிக்கை' ஆகிவிடுகின்றன!

சரி, மாற்று என்ன? தகுதிகாண் என்கிறது ஒரு கூட்டம். அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவரைச் சோதித்துப் பார்க்கும் காலத்துக்குத் தகுதிகாண் பருவம் என்பது அருமையான சொல், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தூக்கி நீதிமன்றத்தில் வைக்க முடியுமா? ஒரு மொழிபெயர்ப்பில் 'தகுதிகாண் அதிகாரி நீதிமன்றத்தில் அறிக்கை அளித்தார்' என்று படித்தேன். தகுதிகாண் அதிகாரி என்றால் வங்கித் தேர்வு எழுதி இப்போதுதான் வேலையில் சேர்ந்து, இன்னும் நிரந்தரம் ஆகாதவர். அவர் ஏன் திருடனைப் பற்றி அறிக்கை தரவேண்டும்? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டினால் இப்படித்தான், சோதிக்கிறவரே சோதிக்கப்படுகிறவர் ஆகிவிடுவார். அதோடு, தகுதி என்ற சொல்லே இங்கே பொருந்தாது. எதற்குத் தகுதி? வெளியே நடமாடவா? 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிமன்றம்தான் காரணம் எழுத வேண்டும் என்கிறது அதே 1958 சட்டத்தின் 6-ஆம் பிரிவு. தகுதியை நிரூபிக்கும் சுமையைப் பையன் தலையில் ஏற்றுகிற சொல் அந்தச் சட்டத்தின் மனத்துக்கே எதிரானது. தூய தமிழ் என்பதற்காக மட்டும் ஒரு சொல்லைத் தலையில் வைத்து ஆடுகிறவர்களிடம் இதைச் சொன்னால், "பொருள் போகப் போக ஒட்டிக்கொள்ளும்" என்கிறார்கள். நன்னடத்தைக்கு இத்தனை வருடமாக ஒட்டவில்லையே.

ஆனால் 'காண்' என்ற அந்த வால் எனக்கு வேண்டும். நடத்தைகாண் காலம், நடத்தைகாண் அலுவலர் என்று சொல்லிப் பாருங்கள். 'நன்' என்ற முன்தீர்ப்பு போய்விட்டது, கீழே விழுந்த சோதனை திரும்ப வந்துவிட்டது. முதலில் நாக்கில் கொஞ்சம் முள்ளாகத்தான் இருக்கும். தகுதிகாண் மட்டும் முதல் நாளே வழுக்கிக்கொண்டா போனது?

அறிக்கைக்குப் பின்புல அறிக்கை போதும் என்பேன். வீடு, வேலை, கடன், குடி, அக்கம்பக்கத்துப் பேச்சு, முன்பு ஏதாவது வழக்கு என்று நல்லதும் கெட்டதும் சேர்ந்தே அதில் வரும். குணம்நாடிக் குற்றமும் நாடி என்று வள்ளுவர் சொன்ன வேலை அது. குணத்தை மட்டும் நாடுகிற மாதிரிப் பெயர் வைத்ததால்தான் அந்த அம்மா 'நன்று' என்ற ஒரு சொல்லை நம்பி பஸ் ஏறி வந்தார். 'சமூகப் புலனாய்வு அறிக்கை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. புலனாய்வு என்றாலே சனங்களுக்குக் காக்கிச் சட்டைதான் ஞாபகம் வரும். வேண்டாம்.

அவரிடம் நான் அலுவலர் என்றும் சொல்லவில்லை, அறிக்கை என்றும் சொல்லவில்லை. "இந்தப் பேப்பர் இருக்கட்டும்மா. வீட்டுக்கு ஒருத்தர் விசாரிக்க வருவார். இருக்கறதை இருக்கறபடி சொல்லுங்க" என்றேன்.

"போலீஸா சார்?"

"இல்லம்மா."

"அப்ப யாரு?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.